மஞ்சநாச்சியின் பொட்டு

ஜனவரி 9, செவ்வாய்

மூக்கு அரித்தது. இன்றைய தலைப்புச் செய்தி அதுதான்.

இரண்டு கையிலும் கோணி ஊசி கனத்தில் ஊசி. ஒரு கை வழியாக என் ரத்தம் வெளியே போகிறது. மெஷினுக்குள் நுழைந்து கொழுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாக இன்னொரு கை வழியாக வீடு திரும்புகிறது. அது ஊர் சுற்றி வரும்வரை நான் கையை மடக்கக் கூடாது, புரளக் கூடாது. சிஸ்டர் ஜெபமலர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். "சித்த மூக்கைச் சொறிஞ்சு விடுங்க" என்று கேட்டிருக்கலாம். கேட்க மனசு வரவில்லை. காங்கேயத்துக் கல்யாணப் பெண்களில் பாதிப் பேரின் மூக்கைப் பிடித்து பவுடர் போட்டவள் நான். கலா பியூட்டி பார்லர் கலாமணி தன் மூக்குக்கு ஆள் தேடுவதா? உதட்டைக் கோணி, மூக்கைச் சுளித்து, கன்னத்தை உப்பி ஏதேதோ செய்து பார்த்தேன்.

"என்னக்கா, வாய் மரத்துப் போவுதா? கால்சியம் போடட்டா?" என்று பதறி ஓடி வந்தார் சிஸ்டர். திருநெல்வேலிப் பக்கம். நல்ல மனசு, நிற்காத பேச்சு. எனக்குப் போட்டி.

போன வருஷம் எனக்கு வந்தது வாயுப் பிடிப்பு என்று ஊருக்குச் சொன்னோம். வந்தது மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டரம்மா என் கண் இமையைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். பரம்பரைக் கொழுப்பாம். என் கல்லீரல் ரத்தத்தைச் சுத்தம் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறதாம். மாத்திரை எல்லாம் போட்டும் அடங்காததால், பதினைந்து நாளுக்கு ஒரு செவ்வாய் கோவைக்கு வந்து இந்தச் சலவை.

ஊருக்குத் தெரியக் கூடாது. மாரடைப்பு வந்தவள் கையால் எந்தப் பெண் கல்யாண மேக்கப் போட்டுக்கொள்வாள்? அதனால் கோவையில் நவீன மணப்பெண் அலங்காரப் பயிற்சிக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். விஷயம் தெரிந்தது என் வீட்டுக்காரருக்கு மட்டும். அவருக்குப் பொய் சொல்ல வராது. ஆகவே அவரை யாரோடும் அதிகம் பேச விடுவதில்லை.

ஜனவரி 10, புதன்

பயிற்சியில் என்ன கத்துக்கிட்டீங்க என்று பார்லரில் ஒரே நச்சரிப்பு. ஊசி குத்திய இடம் தெரியாமல் இருக்க முழுக்கை ஜாக்கெட் போட்டிருந்தேன். "இப்ப இதுதான் ஃபேஷன்" என்றேன். சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் முழுக்கை ஜாக்கெட் தைக்கத் துணி வாங்கிவிட்டார்கள்.

ஜனவரி 15, திங்கள், பொங்கல்

அண்ணன் செங்கோடன் பொங்கல் சீர் கொண்டுவந்தார். கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லம், ஒரு தூக்குப் போசி நிறைய எருமை நெய். கூடவே நங்கையாவும் வந்தாள். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். என் நங்கையா வாயைத் திறந்தால் மூடுவதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

சாப்பிட்டு வெற்றிலை போட்டபின் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"அம்மிணி, தாரிகாளுக்கு வயசு இருவத்தி மூணு ஆச்சு. கவினுக்கும் வேலை நெலச்சுது. பொட்டு வெளிய போகக் கூடாதில்ல? தை முடியறதுக்குள்ள நிச்சயம் பண்ணிப் போடலாம்."

தாரிகா அண்ணன் மகள், கவின் என் மகன். பொட்டு என்றால் என்னவென்று எழுதிவைக்க வேண்டும். எங்கள் குலதெய்வம் மஞ்சநாச்சி. அவளுக்கு இமை ஓரத்தில் மஞ்சள் பொட்டு உண்டு. எங்கள் வீட்டிலும் சிலருக்கு மூக்கை ஒட்டின இமையில் வெண்ணெயைத் தொட்டு வைத்ததுபோல் மஞ்சள் மேடு வரும். ஆத்தாளே வந்து பொட்டு வைத்துவிட்டாள் என்பார்கள். பொட்டு உள்ள பெண்ணை வெளியே கொடுக்க மாட்டார்கள், அத்தை மகனுக்கோ மாமன் மகனுக்கோதான். எனக்குப் பத்தொன்பதில் வந்தது. அடுத்த மாதமே அத்தை மகனைக் கட்டி வைத்தார்கள். அவருக்குப் பொட்டு இல்லை. பஜ்ஜியை எண்ணெயோடு பிழிந்து குடித்தாலும் அவர் ரத்தம் பன்னீர் மாதிரி இருக்கிறது. பொறாமையாக இருக்கிறது.

தாரிகாளுக்கு இரண்டு இமையிலும் உண்டு. மணப்பெண் அலங்காரத்தில் அந்தப் பொட்டைப் பொன் தூள் தடவி மினுங்க வைப்பதில் இந்த ஜில்லாவிலேயே என்னை அடிக்க ஆள் இல்லை.

"என்ன அம்மிணி, மொகம் சுண்டிப் போச்சு?" என்றார் அண்ணன்.

"சந்தோசமுங்கண்ணா. சந்தோசத்துல எனக்கு மொகம் அப்படித்தான் போகும்."

"ஆமா, கண்ணாலத்தன்னைக்கும் இப்படித்தான் உக்காந்திருந்தா" என்றாள் நங்கையா.

நெய்ப் போசியை மேல் அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஜனவரி 18, வியாழன்

அண்ணன் ஜாதகம் பார்த்துவிட்டாராம். பத்துக்குப் பத்துப் பொருத்தம்.

ஜனவரி 23, செவ்வாய்

இன்று அந்தப் பையைக் காட்டச் சொன்னேன். இத்தனை மாதமாகப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். என் ரத்தத்திலிருந்து வடித்த கழிவு மெஷினின் காலடியில் ஒரு பையில் சேர்கிறது. சிவப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மஞ்சள். உருகி முடிக்காத நெய்போல் கலங்கலாக.

"இதாக்கா உங்க இமைல இருக்கதும். இதேதான் உள்ளுக்குள்ள நெஞ்சுக் குழாய்லயும் போயி ஒட்டுது" என்றார் ஜெபமலர், பஸ் ரூட் சொல்வதுபோல.

அப்புறம் டாக்டரம்மா வந்தார். வீட்டில் எல்லோரையும் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிவரச் சொல்லி எத்தனை முறை சொல்வது என்றார். கையும் காலும் கட்டிப்போட்ட ஆளிடம்தான் எல்லோருக்கும் கேள்வி கேட்க வருகிறது. நான் எழுந்து போகவா முடியும்?

"சொந்தத்துலயே கல்யாணம் பண்றவங்களா நீங்க?" என்று கேட்டார்.

"நாங்க எல்லாமே சொந்தத்துலதானுங்க டாக்டர். சண்டைகூட வெளிய போய்ப் போட மாட்டோம்."

அவர் சிரிக்கவில்லை. அப்பா அம்மா இருவரிடமும் இந்தக் கோளாறு இருந்தால், பிறக்கிற குழந்தை சிலசமயம் இரண்டு பங்கையும் வாங்கிக்கொள்ளும் என்றார். அப்படிப்பட்ட குழந்தைக்கு முழங்கை, முழங்கால், குதிகால் எல்லாம் மஞ்சள் மேடு வரும். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே மாரடைப்பு வரலாம். "உங்க குடும்பத்துல அப்படி யாராவது இருந்தாங்களா?"

"ஞாபகமில்லீங்க" என்றேன்.

எங்கள் வீட்டு ஹாலில் என் தங்கை தங்கமணியின் போட்டோ இருக்கிறது. தலையில் காகிதக் கிரீடம், கழுத்து நிறைய அரளி மாலை. வீடு திரும்பியதும் அதற்கு நேராக நாற்காலியைப் போடாமல் திருப்பிப் போட்டு உட்கார்ந்து டீ குடித்தேன்.

ஜனவரி 26, வெள்ளி

திருப்பூர் பனியன் கம்பெனியில் கவினுக்கு லீவு. இன்ஷூரன்ஸுக்கு வேண்டும் என்று பொய் சொல்லி முந்தாநாள் அவன் ரத்தத்தை எடுக்க வைத்தேன். இன்று ரிப்போர்ட் செல்போனில் வந்தது. பார்த்துவிட்டு செல்போனை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டேன். ஏன் அங்கே என்று கேட்டால் தெரியாது.

பையன் அறைக்குள் தாரிகாளோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். கதவு வழியாகச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. நான் ஒட்டுக் கேட்கவில்லை. கதவருகே கோலப்பொடி டப்பாவைத் தேடினேன், அவ்வளவுதான். "அத்தெ இப்ப கதவுக்குப் பின்னாடிதான நிக்கறாங்க?" என்று அவள் கேட்டது போன் வழியாக எனக்கே கேட்டது.

இந்தப் பெண்ணை மருமகளாக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் எங்கிருந்து வரும்?

ஜனவரி 30, செவ்வாய்

இது மெஷின் இல்லாத செவ்வாய். அண்ணனுக்குப் போன் செய்தேன். சொல்லிவிடுவது என்று முடிவு.

"அண்ணா, இந்தப் பொட்டு இருக்குதில்லீங்..."

"அதேதான் அம்மிணி நானும் நெனச்சுட்டிருந்தேன்! நிச்சயத்தன்னைக்குத் தங்கமணியோட கொலுசை எடுத்துத் தாரிகாளுக்குப் போடலாம்னு. அவ ஆசீர்வாதம் வேணுமில்ல? எனக்கு ராத்திரியெல்லாம் அவ ஞாபகம்தான் சாமி. என்ற தோள்மேல உக்காந்துட்டு, அண்ணா இன்னும் வேகமா போங்கன்னுவாளே..."

அவர் அழுதார். நான் மாவு அரைக்க நேரமாச்சு என்று வைத்துவிட்டேன். மாவு நேற்றே அரைத்தாயிற்று.

பிப்ரவரி 2, வெள்ளி

ஒரு யோசனை வந்திருக்கிறது. கேவலமான யோசனை. எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 4, ஞாயிறு

நிச்சயதார்த்தம் முடிந்தது. நானும் முடிந்தேன்.

எங்கள் குலத்தில் தட்டு மாற்றும் முன்பு பொட்டுப் பார்ப்பது வழக்கம். குலதெய்வ விளக்கைப் பெண் முகத்தருகே பிடித்து, இமைப் பொட்டைச் சபைக்குக் காட்டிக் குலவையிடுவார்கள். பொட்டு தெரியாவிட்டால் ஆத்தா உத்தரவு இல்லை, எல்லோரும் வடை தின்றுவிட்டுக் கலைய வேண்டியதுதான். மேக்கப் யார் போடுவது? நான். என்னிடம் கண்ணீர் மழை வெயில் எதற்கும் அசையாத ஒரு பூச்சு இருக்கிறது. தோல் நிறத்திலேயே இருக்கும். எத்தனை கருவளையங்களை, எத்தனை தழும்புகளைப் புதைத்திருக்கிறேன்! இரண்டு பொட்டும் எனக்கு எம்மாத்திரம்?

தாரிகாளைக் கண்ணை மூடச் சொன்னேன். பூசினேன். மறைந்தே போயிற்று. அப்படியொரு வேலைப்பாடு. அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசாமல், யார் மனசையும் கிழிக்காமல், பழியை ஆத்தா தலையில் போட்டுத் தப்பித்துவிடலாம்.

அண்ணன் விளக்கைத் தூக்கினார். பார்த்தார். இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"பொட்டைக் காணமுங்க" என்றது அவர் குரல்.

குலவையிட வாய் குவித்த பெண்கள் குவித்தபடியே நின்றார்கள். கவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

"ஆத்தா, என்ன குத்தம் பண்ணினேன்?" என்று அண்ணன் மண்டியிட்டார். "எம்பொறந்தவளைக் கேட்ட, குடுத்தேன். எம்மகளுக்கு வெச்ச பொட்டை ஏன் தாயி எடுத்துக்கிட்ட?" விளக்கின் எண்ணெயில் விரலை முக்கி, வேண்டிக்கொண்டே, மகள் இமைமேல் தடவினார். ஒருமுறை, இன்னொருமுறை.

கண்ணீருக்கு அசையாது. மழைக்கு அசையாது. எண்ணெய் பட்டால் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அந்தப் பூச்சைக் கலைக்க பார்லரில் நானே தேங்காய் எண்ணெய்தான் வைத்திருக்கிறேன். இத்தனை வருஷத் தொழிலில் இதை மறந்தவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

பொட்டு வெளியே வந்தது. எண்ணெய்ப் பளபளப்பில், விளக்கு வெளிச்சத்தில், நான் பொன் தூள் தடவிய எந்தப் பொட்டும் அப்படி மினுங்கியதில்லை.

"ஆத்தா வந்துட்டா!" என்று நங்கையா அலறினாள். இரண்டு பெண்களுக்குச் சாமி வந்தது. குலவைச் சத்தத்தில் மண்டபக் கூரை அதிர்ந்தது. வீடியோக்காரன் அழுதுகொண்டே வீடியோ எடுத்தான். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா அம்மிணி? எங் கண்ணு முன்னால எடுத்து, எங் கண்ணு முன்னால குடுத்தா. இனி இந்தக் கண்ணாலத்தை எவன் தடுத்தாலும் தெய்வக் குத்தம். வைகாசி வரைக்கும் எதுக்கு? பங்குனிலயே வெச்சுப் போடலாம்."

வைகாசியில் நடக்க இருந்ததைப் பங்குனிக்குக் கொண்டுவந்த புண்ணியம் என்னுடையது.

தாரிகா மட்டும் குலவையிடவில்லை, கும்பிடவில்லை. விரலால் இமையைத் தொட்டு, விரல் நுனியில் ஒட்டியிருந்த தோல் நிறப் பசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பந்திக்கு இலை போட ஓடிவிட்டேன். இலை போட ஐந்து ஆட்கள் இருந்தார்கள்.

பிப்ரவரி 5, திங்கள்

தாரிகாளிடமிருந்து போன். எடுக்கவில்லை. மீண்டும் போன். அரிசிப் பானை.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஊசி இரண்டும் ஏறி, மெஷின் சுற்ற ஆரம்பித்த பிறகு கதவு திறந்தது. முன்னால் தாரிகா. பின்னால், பூனை கொண்டுவந்து போட்ட எலிபோல என் வீட்டுக்காரர்.

"கேட்டா... சொல்லிட்டேன்" என்றார். காபி வாங்கிவருகிறேன் என்று ஓடியும்விட்டார்.

தாரிகா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். குழாய்களைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். என் கைகள் கட்டிலின் இரண்டு பக்கமும் நீண்டு கிடந்தன.

"இதானுங்களா அத்தெ உங்க மேக்கப் கோர்ஸு?"

"ஆமா கண்ணு. ரொம்ப உள்ளுக்குள்ள போய் மேக்கப் போடறாங்க."

"ஜோக்கு வேண்டாமுங்க."

"பழக்கதோசம் சாமி."

"நான் உங்களுக்கு மருமகளா வேண்டாமா? வேண்டாம்னா என்ற மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. கண்ண மூடச் சொல்லி ஏமாத்தாதீங்க." கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. "கவின் மாமாவுக்குத் தெரியுமா? அவரும் சேந்துதான் பண்ணுனாரா?"

பந்திக்கு ஓட முடியாது. மாவு அரைக்க முடியாது. முகத்தைக்கூட மூடிக்கொள்ள முடியாது. எல்லா வழியையும் அடைத்துவிட்டு என்னை யாரோ உண்மைக்கு எதிரில் மல்லாக்கக் கிடத்தியிருந்தார்கள்.

"அதா, அந்தப் பையைப் பாரு" என்றேன்.

குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கை தானாக இமைக்குப் போனது.

அப்புறம் தங்கமணியைப் பற்றிச் சொன்னேன். இங்கும் எழுதித்தான் ஆக வேண்டும்.

தங்கமணி என் தங்கை. அவளுக்குப் பொட்டு இமையில் மட்டும் இல்லை. முழங்கை, முழங்கால், குதிகால், விரல் இடுக்கு எல்லாம் மஞ்சள். ஆத்தாளே பிறந்து வந்துவிட்டாள் என்று திருவிழாவுக்குத் திருவிழா கிரீடம் வைத்து உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் முதல் நெய் அவளுக்குத்தான் வரும். நெய்ப் பொங்கலை அண்ணன்தான் உருட்டி உருட்டி ஊட்டுவார். எனக்குக் கிடையாது. அவள் வாய் ஓரத்தில் வழிவதைத் துடைத்து நான் விரலைச் சப்பிக்கொள்வேன். அவளுக்கு அப்போது பத்து வயது. ஊர்வலத்தில் அண்ணன் தோளில் போய்க்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நடந்தேன். "அக்கா, நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்காங்க" என்றாள். நான் சிரித்தேன். நீதான் அண்ணன்மேல் உட்கார்ந்திருக்கிறாய் என்றேன். சாய்ந்தாள். கோயில் வரும்வரை அண்ணனுக்குத் தெரியவில்லை. பாரம் கூடியது, ஆத்தா ஏறிவிட்டாள் என்று நினைத்தேன் என்றார் பிற்பாடு.

"பொட்டு நோயின்னு ஒங்கப்பன்கிட்ட சொன்னா, நான் அவருகிட்ட வேற என்னத்தையும் சேத்துச் சொல்றேன்னு தெரியுதா கண்ணு? ஊட்டுனது நெய்யி. தோள்ல இருந்தது சாமியில்ல. அதை நான் எப்படிச் சொல்லுவேன்?"

"அதுக்கு என்ற கொழந்தையும்..." என்றவள் நிறுத்திக்கொண்டாள்.

"கவினுக்கும் இருக்குது" என்றேன். "ரிப்போர்ட் அரிசிப் பானைக்குள்ள."

தாரிகா எழுந்து ஜெபமலரிடம் போனாள். வலது கைச் சட்டையைச் சுருட்டினாள்.

"சிஸ்டர், எனக்கும் ரத்தம் எடுக்கணும். எங்கீங்க போவணும்?"

பிப்ரவரி 8, வியாழன்

தாரிகாளுக்கும் இருக்கிறது. எனக்கு ஏற்கெனவே தெரியும்தான். ஆனாலும் பார்லரைப் பாதி நாளில் சாத்திவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

பெண்ணும் பையனும் தனியாகப் பேசினார்கள். குழந்தைக்கு வருமா வராதா என்று முன்கூட்டியே பார்க்க வழி இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னாராம். ஆனாலும் "நம்ம குடும்பம் தாயக்கட்டை உருட்டிப் பாத்தது போதும் மாமா, கண்ணாலம் வேண்டாம்" என்று இவள் சொல்லிவிட்டாளாம். கவின் என்னிடம் "சரிதாம்மா" என்றான். சோற்றைப் பிசைந்தான், பிசைந்தான், கை கழுவிவிட்டான். மேல் அலமாரியிலிருந்த நெய்ப் போசியை எடுத்துப்போய்க் கொல்லையில் கொட்டினான்.

தாரிகா தானே அப்பாவிடம் சொல்லிவிடுகிறாளாம். எல்லாவற்றையும்.

பிப்ரவரி 12, திங்கள்

நங்கையா மட்டும் போன் செய்தாள். "நீ பொறந்த ஊட்டை வெளக்கமாத்தால கூட்டிப் போட்டீடி" என்றாள். பின்னால் அண்ணன் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

ஊருக்கும் தெரிந்துவிட்டது. பங்குனி முகூர்த்தத்துக்குப் பேசியிருந்த இரண்டு பெண்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி 16, வெள்ளி

பார்லருக்கு வந்த ஒரு பெண் தன் முழங்கையைக் காட்டி, "அக்கா, இது அதுவா பாருங்க" என்றாள். ஊன்றி ஊன்றிக் காய்ப்புக் காய்த்திருக்கிறது. இருந்தாலும் ரத்தம் பார்த்துவிடச் சொன்னேன். மேக்கப் வருமானம் போனாலும் கொழுப்பு டாக்டராகப் பிழைத்துக்கொள்வேன் போல.

பிப்ரவரி 20, செவ்வாய்

மெஷின். ஊசி. அதே கூரை, அதே மூலையில் அதே ஒட்டடை. இனி ஆயுசு முழுக்க இந்தக் கூரைதான் என்று டாக்டரம்மா இன்று தெளிவாகச் சொல்லிவிட்டார். மூக்கும் சொல்லி வைத்தாற்போல அரிக்க ஆரம்பித்தது.

தாரிகா வந்தாள். அவளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இளம் வயதிலேயே பிடித்துவிட்டதால் இந்த மெஷின் தேவைப்படாதாம். கையில் மாத்திரைப் பையோடு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"யாரு கூட வந்த கண்ணு?"

"அப்பா கூட. கீழ கார்லயே உக்காந்துட்டாரு. மேல வரலைன்னுட்டாரு."

"என்ற மூஞ்சியப் பாக்கப் புடிக்கல. பாவம், அவருக்கு எப்படிப் புடிக்கும்?"

"அத்தெ..." தாரிகா தயங்கினாள். "காலைல நானு டாக்டரைப் பாத்துட்டுத் திரும்பி வந்தப்ப அவரு முழங்கையை மடக்கி வெச்சிருந்தாரு. உள்ளார பஞ்சு ஒட்டியிருக்குது. கேட்டதுக்குக் கொசு கடிச்சதுன்னாரு."

நான் சிரிக்கப் பார்த்தேன்.

"வர்ற வழியில ஒண்ணே ஒண்ணுதானுங்க கேட்டாரு. அந்த மெஷினு அந்தக் காலத்துலயே இருந்திருந்தா, தங்கம் இருந்திருப்பாளான்னு."

"நீ என்ன சொன்ன?"

"இருந்திருப்பாங்கன்னு சொன்னனுங்க. வண்டியை ஓரமா நிறுத்திட்டாரு."

கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் கண்ணோரத்தில் கிளம்பி, மூக்கின் பக்கவாட்டில் இறங்கி, அரித்துக்கொண்டிருந்த இடத்தில் சரியாக வந்து நின்றது. இரண்டு கையும் என் வசம் இல்லை. உதட்டைக் கோணினேன். கன்னத்தை உப்பினேன்.

"என்னங்கத்தெ, வாய் மரக்குதா? சிஸ்டரைக் கூப்பிடட்டுங்களா?"

"அதெல்லாம் இல்ல சாமி" என்றேன். "சித்த மூக்கைச் சொறிஞ்சு விடு."